பதுங்கிய படையும் பறந்த கேமராவும்

முதல் உலகப் போரின்போது பிரான்சு, பெல்ஜியம் வயல்வெளிகளுக்கு மேலே பறந்து எடுத்த படங்களின் பிரதிகள் பல லட்சம். எதிரிக் காலாட்படை எங்கே பதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க எடுத்தவை அவற்றில் பல. ஆனால் அந்தப் படங்களில் போர்வீரன் ஒருவன் ஆளாகத் தெரிவது அபூர்வம். அவன் தோண்டிய மண் தெரியும், நடந்த தடம் தெரியும், கட்டிய முள்கம்பி தெரியும். இவற்றைக் கொண்டு அவன் இருப்பிடத்தையும், எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் ஊகிக்கும் ஒரு தனிக் கலை நான்கே ஆண்டுகளில் வளர்ந்தது.

1914 செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மானியரின் முன்னேற்றம் தடைபட்டது. அதன்பின் இரு தரப்பும் மண்ணைத் தோண்டி இறங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் வட கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை ஏறத்தாழ 700 கி.மீ. நீளத்துக்குப் பதுங்குகுழிகளின் தொடர் உருவாகிவிட்டது. அதுவரை எதிரியை வேவு பார்ப்பது குதிரைப்படையின் வேலை. பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போய்ப் பின்புறத்தை நோட்டமிட்டு வருவார்கள். இப்போது சுற்றிப் போவதற்குப் பக்கமே இல்லை. தரையில் இருந்தபடி தலையைத் தூக்கினால் குறிபார்த்துச் சுடுபவன் காத்திருக்கிறான். தூக்கினாலும் எதிரிப் பதுங்குகுழியின் முன்கரை மட்டுமே கண்ணில் படும். அதற்குப் பின்னால் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை இருப்பது தெரியாது. மேலே போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மேலேயிருந்து படம் எடுப்பது அப்போதைக்குப் புதிதல்ல. 1858-லேயே நதார் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசுக்கு அருகே பலூனில் ஏறிப் படம் எடுத்திருந்தார். 1912-இல் லிபியாவில் இத்தாலியப் படையின் கார்லோ பியாட்சா விமானத்திலிருந்து எதிரி நிலைகளைப் படம் பிடித்தார். ஆனாலும் 1914-இல் பிரிட்டிஷ் விமானப் படைக்குக் கேமரா ஒரு பொழுதுபோக்குச் சாமான்தான். அதிகாரிகள் சிலர் சொந்தக் கேமராவோடு பறந்தார்கள். செப்டம்பர் 15 அன்று பிரான்சின் ஏன் (Aisne) ஆற்றுப் பகுதியில் பிரெட்டிமன் என்ற லெப்டினன்ட் ஜெர்மானிய நிலைகளை ஐந்து படங்கள் எடுத்தார். படங்கள் தெளிவாக இல்லை. ஆனால் விமானத்தில் போனவர் கண்ணால் பார்த்து வந்து நினைவிலிருந்து வரைந்த படத்தைவிட மங்கலான நெகட்டிவ் மேல் என்பது விரைவில் புரிந்தது. பயந்துபோன மனிதன் பார்த்ததைக் கூட்டியோ குறைத்தோ சொல்வான், கேமராவின் தகடு பயப்படாது.

1915 தொடக்கத்தில் பிரிட்டிஷ் தரப்பில் வான்படத்துக்கென்றே செய்த முதல் கேமரா வந்தது. ‘ஏ’ வகை என்று அதற்குப் பெயர். மூர்-பிராபசன், காம்ப்பெல், விக்டர் லாஸ் ஆகியோர் தார்ன்டன்-பிக்கார்ட் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது அது. பித்தளை பூட்டிய மரப்பெட்டி. உள்ளே 5 அங்குலம் நீளமும் 4 அங்குலம் அகலமும் கொண்ட கண்ணாடித் தகடு. கூரையில்லாத விமானத்தின் பக்கவாட்டில் உடலை வளைத்து, இரு கைகளாலும் பெட்டியை வெளியே நீட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். முதல் படத்துக்கு 11 செய்கைகள், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 10 செய்கைகள். பனிக்காற்றில் கை மரத்துப்போயிருக்கும். தடித்த கையுறையைக் கழற்றினால் விரல் வேலை செய்யாது, கழற்றாவிட்டால் தகட்டை மாற்ற முடியாது. அதே ஆண்டு கோடையில் கேமராவை விமானத்தின் உடலோடு பொருத்தி, தகடுகள் ஓரளவு தாமாகவே மாறும் ஏற்பாடு வந்தபோதுதான் ஒரே சீரான செங்குத்துப் படங்கள் கிடைக்கத் தொடங்கின. ஜெர்மானியர் லென்சுகளில் முந்தியிருந்தார்கள். 25 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை குவியத் தூரம் கொண்ட கேமராக்கள் அவர்களிடம் இருந்தன. திரைப்படத் துறையிலிருந்து வந்த ஓஸ்கர் மெஸ்டர், பறக்கும் வழி நெடுகத் தொடர்ச்சியாகப் படம் பிடிக்கும் பிலிம் கேமராவை 1915-இல் உருவாக்கினார்.

குவியத் தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? செங்குத்தாக எடுத்த படத்தின் அளவுவிகிதம் ஓர் எளிய வகுத்தல் கணக்கு: லென்சின் குவியத் தூரத்தைப் பறக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். 25 செ.மீ. லென்சோடு 2,500 மீட்டர் உயரத்தில் பறந்தால் விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று. தகட்டில் 1 மி.மீ. என்பது தரையில் 10 மீட்டர். ஒரு மீட்டர் அகலப் பதுங்குகுழி தகட்டில் 0.1 மி.மீ. கோடாக விழும், உருப்பெருக்கிக்குக் கீழே நன்றாகவே தெரியும். மேலேயிருந்து பார்க்கும்போது ஒரு மனிதனின் தோள் அகலம் அரை மீட்டர்கூட இல்லை. தகட்டில் அவன் 0.05 மி.மீ. புள்ளி. தகட்டின் வெள்ளித் துகள்களும் தரையின் கற்களும் செடிகளும் கலந்த இரைச்சலில் அந்தப் புள்ளி காணாமல் போகும். விமானம் நகர்வதால் படம் அதிகம் கெட்டுவிடவில்லை என்பதையும் இதே கணக்கு காட்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் நொடியின் நூறில் ஒரு பங்கில் 28 செ.மீ. நகர்கிறது, தகட்டில் அது 0.03 மி.மீ. கூட இல்லை. உண்மையான தொல்லை எஞ்சினின் அதிர்வு. கேமராவை எதன்மேல் பொருத்துவது என்பதற்கு ரப்பர், பஞ்சு, குதிரை மயிர் என்று எத்தனையோ மெத்தைகள் சோதிக்கப்பட்டன.

இன்னொரு தொல்லை காற்றுமண்டலத்தின் நீல மூட்டம். அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கு அதிகம் வினைபுரிபவை. உயரம் கூடக் கூட மூட்டமே படமாக விழும். மஞ்சள் வடிகட்டியை லென்சின்மேல் மாட்டி நீலத்தைத் தடுத்தார்கள். இதற்கு ஈடாக ஒளி குறையும். ஆகவே பெரிய துளையுள்ள லென்சு வேண்டும், வெயிலும் வேண்டும். பெல்ஜியத்தின் பிளாண்டர்சில் வெயிலுக்காகக் காத்திருப்பது ஒரு தனித் தண்டனை.

இனிப் படத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கலாம். முதலில் கண்ணில் படுவது தோண்டிய மண். இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினால் வந்த மண்ணை எங்காவது போட்டாக வேண்டும். முன்னாலும் பின்னாலும் கரையாகக் குவிப்பார்கள். வட பிரான்சின் ஆர்த்துவா, சொம் பகுதிகளில் மேல்மண்ணுக்கு அடியில் வெள்ளைச் சுண்ணப்பாறை. அங்கே ஒரே இரவில் வெட்டிய குழிகூட மறுநாள் காலைப் படத்தில் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும். பதுங்குகுழி நேர்கோடாகவும் இருக்காது. ஒரு முனையில் விழும் குண்டின் சிதறலோ, உள்ளே குதித்துவிட்ட எதிரியின் தோட்டாவோ நீளவாக்கில் முழுவதையும் துடைத்துவிடக் கூடாதென்று சில மீட்டருக்கு ஒருமுறை மண்திட்டு விட்டு வளைத்து வெட்டுவார்கள். இதனால் சண்டையிடும் வரிசை கோட்டை மதிலின் பல்வரிசை போலப் படத்தில் தெரியும். பின்னாலிருந்து ஆளும் உணவும் வந்து சேரும் தொடர்புக் குழிகள் பாம்பாக நெளிந்தோ, கூர்முனைகளாக மடங்கியோ வரும். ஆக, கோட்டின் வடிவத்தைப் பார்த்தாலே எது சண்டை வரிசை, எது வழி என்று சொல்லிவிடலாம். முன்வரிசையிலிருந்து எதிரியை நோக்கித் தனியாக நீளும் சிறு குழி ஒன்று தெரிந்தால், அதன் முனையில் இரவில் ஒட்டுக்கேட்கும் காவலன் இருக்கிறான் என்று பொருள். அப்படிப் பல குழிகள் ஒரே வாரத்தில் முளைத்து, அவற்றின் முனைகளை இணைத்து ஒரு வரிசையும் வெட்டப்பட்டால் அங்கே தாக்குதல் தயாராகிறது.

அடுத்தது நடைத்தடம். நிற்கும் புல்லின் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழச்செய்வதால் புல்வெளி மேலேயிருந்து கறுப்பாகத் தெரியும். மிதிபட்டுப் படுத்த புல் ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பேர் சில முறை நடந்தால் போதும், வெளிறிய ஒற்றையடிப் பாதை உண்டாகிவிடும். தரையில் நிற்பவனுக்கு அது கண்ணில் படாமலே போகலாம். பதுங்குகுழிக்குள் எவ்வளவு திறமையாக எந்திரத் துப்பாக்கியை மறைத்தாலும், அதை இயக்குபவனுக்கு இரவில் கஞ்சி கொண்டுபோகிறவன் குறுக்கே நடக்கிறான். அவனை எந்தத் தளபதியாலும் சுற்று வழியில் போகவைக்க முடியவில்லை. படங்களைப் படித்தவர்களுக்கு மிக அதிகம் உதவியது எதிரி வீரனின் இந்தச் சோம்பல்தான்.

முள்கம்பி வேலி, கம்பியாகத் தெரியாது. அதற்குள் யாரும் நடப்பதில்லை என்பதால் களை ஆளுயரத்துக்கு வளர்ந்து, பதுங்குகுழிக்கு முன்னால் மங்கலான கறுப்புப் பட்டையாகத் தெரியும். சிவப்பை உணராத தகட்டில் துருப்பிடித்த கம்பியும் கறுப்பாகவே விழுந்து அந்தப் பட்டைக்கு வலுச்சேர்க்கும். பட்டையின் நடுவே இடைவெளியும், இடைவெளி வழியே வெளிறிய தடமும் இருந்தால் இரவு ரோந்து வெளியேறும் வாசல் அது. பீரங்கிகளுக்கோ வேறு அடையாளம். எத்தனை வலைபோட்டு மூடினாலும் சுடும்போது வாயிலிருந்து வரும் அனல்காற்று முன்னாலுள்ள புல்லைக் கருக்கி விசிறி வடிவத்தில் ஒரு தழும்பை விட்டுவிடும். பனி விழுந்த காலையில் எடுத்த படத்துக்கு ஈடே இல்லை. ஆளுள்ள குழிகளின் ஓரத்தில் பனி மிதிபட்டுக் கலங்கியிருக்கும். கைவிட்ட குழிகள் தீண்டப்படாத வெள்ளையாக இருக்கும். அடுப்பு எரியும் நிலத்தடி அறைக்கு மேலே பனி உருகிப் பொத்தலிட்டிருக்கும்.

இத்தனை அடையாளங்களையும் படிப்பதற்கு முதல் பாடம் படத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பது. ஒளி மேலிருந்து வருவதாகவே மனித மூளை எடுத்துக்கொள்ளும். நிழல் பார்ப்பவரை நோக்கி விழும்படி படத்தை வைத்தால் குழி குழியாகத் தெரியும். தலைகீழாக வைத்தால் அதே பதுங்குகுழி வரப்பாக மேலெழும்; குண்டு விழுந்த பள்ளங்களெல்லாம் கொப்புளங்களாகிவிடும். வடக்கு மேலே இருக்கும்படி வைக்கும் வரைபட வழக்கம் இங்கே வில்லங்கமானது. ஐரோப்பாவில் வெயில் தெற்கிலிருந்து வருவதால் நிழல் வடக்கே விழுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மேட்டையும் பள்ளத்தையும் மாற்றிப் படித்தது இதனால்தான்.

ஐயத்தைத் தீர்க்க இரட்டைப் படம் உதவியது. ஒரே இடத்தை, சில நூறு மீட்டர் இடைவெளியில், பாதிக்குமேல் ஒன்றோடொன்று ஒத்துவரும்படி இரண்டு படங்கள் எடுத்து, ஸ்டீரியோஸ்கோப்பில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படம் காட்டினால் நிலம் எழுந்து நிற்கும். மனிதக் கண்களுக்கு நடுவே ஆறரை செ.மீ. தூரம்தான், இங்கே கண்களின் இடைவெளி நூற்றுக்கணக்கான மீட்டராக விரிந்துவிடுவதால் உயர வேறுபாடுகள் மிகைப்பட்டுத் தெரியும். அரை மீட்டர் மேடுகூடத் துருத்திக்கொண்டு நிற்கும். தட்டையான படத்தில் வெறும் கறுப்பு வட்டமாக இருந்தது, உயர்ந்து நின்று கான்கிரீட் அறை என்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

1915 மார்ச் 10 அன்று வட பிரான்சின் நவ் ஷப்பல் கிராமத்தில் தொடங்கிய பிரிட்டிஷ் தாக்குதல், வான்படங்களை அடிப்படையாக வைத்துத் திட்டமிட்ட முதல் பெரிய தாக்குதல் என்று கருதப்படுகிறது. இதில் இந்தியத் தொடர்பும் உண்டு: தாக்கிய படைகளில் ஏறத்தாழ பாதி இந்திய வீரர்கள். ஜெர்மானியப் பதுங்குகுழிகள் முன்கூட்டியே படமெடுக்கப்பட்டு எட்டாயிரத்தில் ஒன்று என்ற விகிதத்தில் வரைபடமாக வரையப்பட்டன. படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் 1,500 பிரதிகள் போயின. எந்தக் குழியை யார் பிடிப்பது, பீரங்கி எதை அடிப்பது என்று வரைபடத்தில் கோடு போட்டுச் சொல்ல முடிந்தது. கிராமம் முதல் நாளிலேயே விழுந்தது. ஆனால் இந்தியப் படையின் வலது ஓரத்தில் தாக்கிய கார்வால் வீரர்கள் திசை தவறி, பீரங்கி தொடாத குழிகளை நோக்கிப் போய்ப் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். பிரிட்டிஷ் படையின் இடது ஓரத்தில் சில பீரங்கிகள் தாமதமாக வந்து சேர்ந்ததால் ஒரு பகுதிப் பதுங்குகுழி அடிபடாமலே தப்பியது. குழி எங்கே இருக்கிறது என்று படம் சரியாகவே சொன்னது. புகையிலும் சேற்றிலும் வீரன் அந்தக் குழிக்குப் போய்ச் சேர்வது வேறு பிரச்சினை. மூன்று நாட்களில் பிரிட்டிஷ், இந்தியத் தரப்பில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

அதன்பின் படமில்லாமல் பெரிய தாக்குதல் நடப்பது அரிதானது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப எடுப்பதுதான் வழக்கமானது. தனிப்படம் ஒன்றைவிட, நேற்றைய படத்துக்கும் இன்றைய படத்துக்கும் உள்ள வேறுபாடே செய்தி. பிரிட்டிஷ் வரைபடங்களில் ஜெர்மானியக் குழிகள் சிவப்பிலும் சொந்தக் குழிகள் நீலத்திலும் அச்சாயின. 1918-இல் பிரெஞ்சு முறையோடு ஒத்துப்போக வண்ணங்கள் இடம் மாறின. புது வரைபடமும் பழைய வரைபடமும் ஒரே பையில் இருந்தவனின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எதிரியைத் தேடுவது ஒருபுறம் இருக்க, தாக்குதல் தொடங்கியதும் சொந்தக் காலாட்படை எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பதும் தலைவலியானது. தொலைபேசிக் கம்பி குண்டில் அறுந்துவிடும். செய்தி கொண்டு ஓடுகிறவன் பாதி வழியில் விழுந்துவிடுவான். தாழப் பறக்கும் விமானம் வந்து ஒலி எழுப்பினால், முன்வரிசை வீரர்கள் தீவட்டி கொளுத்தித் தங்கள் இடத்தைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு இருந்தது. எதிரிக்கும் அதே வெளிச்சம் தெரியும் என்பதால் பலரும் கொளுத்தவில்லை. 1916-இல் சொம் தாக்குதலின்போது சில பிரிவுகள் முதுகுப்பையில் பளபளக்கும் தகரத் துண்டுகளைக் கட்டிக்கொண்டு முன்னேறின. மறைந்திருப்பதற்கே பழகிய காலாட்படை, தெரியும்படி இருக்க வேண்டியிருந்தது.

மறைப்பும் சும்மா இருக்கவில்லை. 1915-இல் பிரெஞ்சுப் படை ஓவியர்களைக் கொண்டு உருமறைப்புக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய கிரான் த செவோலாவும் ஓர் ஓவியர். துணிக் கீற்றுகள் முடிந்த வலை, பீரங்கிகளை மூடியது. போலிப் பதுங்குகுழிகளும் வெட்டப்பட்டன. இரண்டு மீட்டர் ஆழம் தோண்ட ஆளில்லாமல் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இங்கேதான் நிழல் காட்டிக்கொடுத்தது. சூரியன் தொடுவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 2 மீட்டர் ஆழக் குழியின் விளிம்பு மூன்றரை மீட்டர் நிழல் தரும். ஒரு மீட்டர் அகலக் குழியின் அடித்தளம் முழுவதும் இருட்டு. 40 செ.மீ. ஆழப் போலிக் குழியில் நிழல் 70 செ.மீ.; காலை வெயிலில் ஓரளவு ஏமாற்றிவிடும். கோடை நடுப்பகலில் சூரியன் 60 டிகிரிக்கு ஏறும்போது உண்மைக் குழி அப்போதும் முழு இருட்டாகவே இருக்கும், போலியின் நிழலோ 23 செ.மீ. கீற்றாகச் சுருங்கித் தரை வெளிச்சமாகத் தெரியும். போதாக்குறைக்கு அதன் அருகே ஒற்றையடிப் பாதை ஒன்றுகூட இருக்காது. போலிக் குழிக்கு யார் கஞ்சி கொண்டுபோவார்கள்?

மண்ணை மறைப்பதில் மிகப் பெரிய வெற்றி பெல்ஜியத்தின் மெசீன் குன்றின் அடியில் நடந்தது. பிரிட்டிஷ் தரப்பு அங்கே ஆழச் சுரங்கங்கள் வெட்டியது; உள்ளிருந்து வந்தது நீலக் களிமண். அந்த நிறத்தில் ஒரு குவியல் வெளியே கிடந்தாலும் ஜெர்மானிய விமானம் படமெடுத்துவிடும், எவ்வளவு ஆழத்தில் தோண்டுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும். மண்ணை மூட்டைகட்டிக் காடுகளுக்குள் கொண்டுபோய் மறைத்தார்கள். 1917 ஜூன் 7 அதிகாலை 19 சுரங்க வெடிகள் வெடித்தன.

படத்தின் எல்லை எது என்பதைச் சொம் சமவெளி காட்டியது. அங்கே ஜெர்மானியர் சுண்ணப்பாறையைக் குடைந்து 9 மீட்டர் ஆழம் வரை அறைகள் அமைத்திருந்தார்கள். குழிகள், கம்பி, வாசல்களில் குவிந்த சுண்ணக்கட்டி எல்லாம் படத்தில் தெரிந்தன. அறை எவ்வளவு ஆழம், எத்தனை பேர் தங்குவார்கள் என்பது தெரியவில்லை. ஏழு நாள் பீரங்கி அடியை அந்த அறைகளுக்குள் பொறுத்துக்கொண்ட வீரர்கள், 1916 ஜூலை 1 காலை அடி நின்றதும் படியேறி வந்து எந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் இழப்பு 57,470.

1917-இல் ஜெர்மானியர் படம் படிப்பவர்களுக்கு இன்னும் கடினமான புதிரைக் கொடுத்தார்கள். பெல்ஜியத்தின் பாசெண்டேல் பகுதியில் தொடர்ச்சியான வரிசையையே கைவிட்டு, குண்டு விழுந்த பள்ளங்களில் இரண்டு மூன்று பேராகப் பதுங்கினார்கள். கோடு என்று எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான பள்ளங்களில் எதில் ஆள், எது வெறும் சேறு? சுற்றியுள்ளவை நீர் நிறைந்திருக்க, ஒன்று மட்டும் இறைத்துக் காய்ந்திருக்கும். விளிம்பில் ஒரு பலகை கிடக்கும். பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு மெல்லிய தடம் ஓடும். இவ்வளவுதான் துப்பு. மறுநாள் புதிய குண்டுமழை எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

இந்தப் படங்களுக்குக் கொடுத்த உயிர்விலையும் பெரியது. படம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால் விமானம் ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், நேராகப் பறக்க வேண்டும். சுடுபவனுக்கு இதைவிட வசதி வேறில்லை. பிரிட்டிஷ் பி.இ.2 வகை விமானம் அசையாமல் பறப்பதால் படத்துக்கு உகந்தது. அதே காரணத்தால் எளிய இரை. 1917 ஏப்ரலில் அராஸ் தாக்குதலின்போது பிரிட்டிஷ் விமானப் படை இழந்த விமானங்கள் ஏறத்தாழ 245. ஜெர்மானியர் வேறு வழி தேடினார்கள். அவர்களது ரம்ப்ளர் விமானங்கள் 7,000 மீட்டருக்கும் மேலே, ஆக்சிஜன் குழாயும் மின்சாரத்தால் சூடேறும் உடையுமாக, துரத்த முடியாத உயரத்தில் பறந்து படமெடுத்தன. உயரம் கூடியதால் குவியத் தூரமும் கூடியது.

போர் முடிந்தபின் இந்தத் திறமை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று தொல்லியல். பிரிட்டிஷ் விமானப் படையில் பார்வையாளராகப் பறந்து 1918-இல் சிறைபிடிக்கப்பட்ட ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு, போருக்குப் பின் இங்கிலாந்தின் வயல்களை வான்படங்களில் ஆராய்ந்து, தரையில் நிற்பவருக்குத் தெரியாத பழங்கால வரப்புகளைக் கண்டார். அலெக்சாண்டர் கீலருடன் சேர்ந்து 1928-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். அடிப்படை அதேதான்: ஒருமுறை தோண்டி மூடிய மண் சுற்றியுள்ள மண்ணைவிட அதிகம் ஈரம் பிடிக்கும், வறட்சியில் அதன்மேல் வளர்ந்த பயிர் மட்டும் பச்சையாக நிற்கும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளையே இன்று ஆராய்ச்சியாளர்கள் இப்படித் தேடுகிறார்கள். பெல்ஜியத்தில் ஈப்பர் அருங்காட்சியகமும் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகமும் போர்க்காலப் படங்களை இன்றைய வரைபடத்தோடு பொருத்தி ஆய்ந்திருக்கின்றன. வெடிக்காத குண்டுகள் அங்கே உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் இன்னமும் ஆண்டுதோறும் டன் கணக்கில் வெளிவருவதால், ஒரு நிலத்துக்கு அடியில் எது புதைந்திருக்கலாம் என்று அறியவும் அந்தப் பழைய கண்ணாடித் தகடுகள் பயன்படுகின்றன.